முகமூடி பேசிய காலை

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாகத் தருகிறேன். இப்போதே கேட்டால் கிடையாது. முதலில் முகமூடியைப் பாருங்கள்.

பாரிஸில் ஒரு மாடி அறை. அங்கேதான் என் குரு ஓபேன் படம் வரைவார். மாடல்கள் உடை மாற்ற ஒரு திரை உண்டு. அதன் கம்பியில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மர முகமூடி தொங்கும். கன்னம் உள்வாங்கியிருக்கும். கண்கள் குழியாக இல்லாமல் இரண்டு குழலாக வெளியே நீண்டிருக்கும். குரு வரையும் முகங்களிலும் இப்போது அதே கன்னம், அதே கண். ஆகா, என்ன புதுமை என்று ஊரே கொண்டாடியது.

எனக்கு ஒரே திறமைதான். யாரைப் போலவும் பேசுவேன். வாசல்காரி மதாம் புல்லேயின் மூக்குக் குரல், பால்காரனின் கரகரப்பு, குருவின் இருமல், எல்லாம் வரும். வரைவதும் அப்படித்தான்.

அன்று குரு என் படங்களைப் புரட்டினார்.

"கஸ்பார், இதில் எல்லாரும் இருக்கிறார்கள். நீ எங்கேடா? நாளைக்கு உன்னுடையதாக ஒரு முகம் வேண்டும். இல்லையென்றால் உன் அப்பாவின் ரொட்டிக்கடைக்கே போய்ச் சேர்."

"நீங்கள் மட்டும் முகமூடியைப் பார்த்து வரையலாமா, ஐயா?"

அவர் இருமினார்.

சரி, இதற்குப் பதிலை முகமூடியே கேட்டு வாங்கட்டும். மறுநாள் அவர் எழுந்து வருவதற்குள் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அகப்பட்டதைக் காலில் மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது: முகமூடியைச் செதுக்கியவர் எப்படிப் பேசுவார்? நான் கேட்டதே இல்லையே! வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஓபேன்! என் கண்ணை ஏன் எடுத்தாய்?"

குரு அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"எடுத்தேன், ஐயா. கண் என்றால் குழி என்றே வரைந்துகொண்டிருந்தேன். உங்களைச் செதுக்கியவர் அதை வெளியே நீட்டினார். அப்படியும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் என் கைக்குப் பயம் விட்டது."

"ஊர் புகழ்ந்தபோது அவர் பேரைச் சொன்னாயா?"

"எனக்கு விற்றவனே செதுக்கியவர் பேரைக் கேட்டு வைக்கவில்லை. 'இது என் புதுமை இல்லை' என்றாவது நான் சொல்லியிருக்கலாம். இனிமேல் சொல்கிறேன்."

ஆள் மசிந்துவிட்டார்! விடுவேனா?

"கஸ்பாரை ஊருக்கு அனுப்பாதே! தங்கமான பையன்!"

"தங்கமா? என் பாலாடைக்கட்டியெல்லாம் தின்றுவிடுகிறான்."

"பசிக்காதா பின்னே!"

"பசிக்கும், பசிக்கும். அவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் இருமிக்கொண்டிருக்கணும். அதுவும் தெரியும்." கிட்டே வந்தார். "ஒன்று கேட்கட்டுமா, முகமூடியாரே? இப்போது நீங்கள் பேசுவது யார் குரல்?"

மதாம் புல்லே? இல்லை. பால்காரன்? இல்லை. குருவா? இல்லவே இல்லை.

"தெரியலையே..." என்றது முகமூடி.

"நானும் இந்த வீட்டில் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு ஒரு முகம் வரையச் சொல்லுங்கள் அந்தப் பயலை." திரைக்குள் ஒரு தூரிகை நீண்டது. "வரைவதற்கு முன்னால் என் செருப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்."

குனிந்து பார்த்தேன். கம்பியிலிருந்து தொங்கிய திரை என் முழங்கால் வரைக்கும்தான் இருந்தது.