பெற்றவர் கையெழுத்து

சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் அதிகாரி சிங்காரவேலு. அவர் முன்னால் ஆறாவது தடவையாக வந்து நின்றாள் காப்பகத்து ஆயா வடிவாம்பா. பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுப்போன குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அதைத் தத்துக் கேட்டுத்தான் இந்த நடை.

“பெத்தவங்க கையெழுத்தோட வா. சட்டம்னா சட்டம்!”

“பேப்பர்ல விளம்பரம் போட்டு ரெண்டு மாசமாச்சு, யாரும் வரலீங்களே. இப்ப சட்டப்படி இவளுக்குப் பொறுப்பு யாருங்க?”

“நான்தான், வேற யாரு?”

“அப்ப நீங்களே வச்சுக்கங்க ஐயா.” குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டாள்.

பிள்ளை வீரிட்டது. மடி நனைந்தது. குமாஸ்தாக்கள் ஃபைலால் வாயை மூடிக்கொண்டார்கள். ‘விளம்பரத்துக்கு யாரும் வராவிட்டால் பெற்றவர் கையெழுத்து தேவையில்லை’ என்கிற அடுத்த பக்கம் அதிகாரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவசரமாக உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இந்தாம்மா, உன் பிள்ளையைப் பிடி!”

“இருங்க ஐயா, மை காயட்டும்.”