ருக்குமணி ஃபோல்டர்

"டீச்சர், தெனமும் பேக்கப் எடுக்கறனுங்க. அப்பவும் பயம் போக மாட்டீங்குது" என்றார் நாச்சிமுத்து.

சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பயம்ங்ணா?"

"அந்த ஃபோல்டர் போயிருமோன்னு."

நாச்சிமுத்து மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்ல வேண்டியவளுக்கு அவர் மகள் வயது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். இந்தத் தொழிலில் யார் குரு, யார் சீடர் என்று தலைமுடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து இவளிடம் வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக.

அவர் மனைவி ருக்குமணிக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த அம்மாள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கத் தான் பேசும் பேச்சையெல்லாம் பேசிவைத்தாள். பிறகு இவர் புரோகிராம் கற்றுக்கொண்டார். இப்போது திரையில் ஒரு படத்தைத் தொட்டால் ருக்குமணியின் குரல் பேசும். காப்பிப் படத்தைத் தொட்டால் காப்பி கேட்கும்.

அந்தக் குரலை இனி பதிவு செய்ய முடியாது. பயப்படாமல் என்ன செய்வார் மனிதர்?

சுகந்தி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ரீஸ்டோர் பண்ணுங்ணா. பேக்கப்ல இருந்து திருப்பி எடுங்க."

"எதுக்குங்க? ஒண்ணும் அழியலீங்களே."

"அழியாதப்பவே பண்ணுங்க. என் கம்ப்யூட்டர்ல."

அவர் பையைத் திறந்து பேக்கப் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். அதே பையில் லேப்டாப்பும் இருந்தது.

"அசலும் நகலும் ஒரே பையிலங்களா?"

"ஆமாங்க. ஸ்கூட்டர்ல முன்னாடி மாட்டிட்டு வந்தனுங்க."

சுகந்தி ஹார்ட் டிஸ்க்கை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினாள்.

கறுப்புத் திரையில் கர்சர் மின்னியது. பேக்கப் எடுக்கும் கட்டளையை நாச்சிமுத்து தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டுவார். திருப்பி எடுக்கும் கட்டளையை ஒருநாளும் தட்டியதில்லை. விரல்கள் அந்தரத்தில் நின்றன.

அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவரே உதவிப் பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுப் படித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கோப்புப் பெயர்கள் மளமளவென்று ஓடின. கடைசியில் பச்சை எழுத்து வந்தது: வெற்றி.

"பாருங்க டீச்சர், வந்துருச்சு!"

"பேசச் சொல்லுங்க."

அவர் திறந்தார். படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காப்பிப் படத்தைத் தொட்டார்.

சத்தம் இல்லை.

ஒலியைக் கூட்டினார். மருந்துப் படத்தைத் தொட்டார். பேரன் படத்தைத் தொட்டார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தொட்டார்.

மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மிணி" என்றார். அதுவரை டீச்சராக இருந்தவள். "அம்மிணி, அவ எங்க?"

அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். பதிவுகள் அங்கே இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அங்கே மட்டும்தான் இருந்தன; செல்போனில் இருந்ததை, பேக்கப் இருக்கிறதே என்று எப்போதோ அழித்துவிட்டார். இத்தனை மாதமும் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஸ்கூட்டர் முன்னால் ஆடிக்கொண்டு வந்தது அந்த ஒரே குரல்தான்.

"தெனமும் வெற்றின்னு போட்டுச்சுங்களே! பச்சையில போட்டுச்சுங்களே!"

"எடுக்கச் சொன்னதை எல்லாம் எடுத்துருச்சுங்ணா."

அவள் குனிந்து ஒரு சின்னக் கோப்பைத் திறந்தாள். பேக்கப் எடுக்கும்போது எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. அதில் ஒரு வரி, ஒலிப்பதிவு எதையும் எடுக்காதே என்றது.

"இதை யாரு எழுதுனது?"

"நீங்கதானுங்க. மொத நாளு குடுத்தீங்க. நான் ஒரு எழுத்து மாத்தலீங்க. குரு குடுத்ததை மாத்தறதாங்க?"

சுகந்தியின் வேலையில் ஒலிப்பதிவு என்றால் சோதனைக்குப் போட்டுப் பார்க்கும் டிங் டிங் சத்தம். அதைப் போய் யார் பத்திரப்படுத்துவார்கள்? வேண்டாம் என்று எப்போதோ ஒரு வரி எழுதினாள். அதோடு மறந்தும் போனாள்.

குருவாக இருந்தால் என்ன, காது சிவக்கத்தான் செய்தது.

"எனக்கு வேண்டாததுங்ணா அது" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்லை."

அந்த வரியை அழிக்கக் கையை நீட்டினாள்.

"இருங்க" என்றார் அவர். "நானே பண்றனுங்க."

அழித்தார். அத்தோடு விடவில்லை. மிச்சமிருந்த வரிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இது எதுக்கு, அது எதுக்கு என்று குடைந்தெடுத்தார். அதுவரை குரு கொடுத்ததை ஒரு கேள்வி கேட்காத மனிதர். அவள் சளைக்காமல் பதில் சொன்னாள். இன்னொரு வரியும் போயிற்று.

மறுபடி பேக்கப் எடுத்தார். இந்தமுறை சட்டென்று முடியவில்லை.

"இத்தனை நேரம் ஆகாதுங்களே."

"ஆகட்டும்ங்ணா."

பெயர்கள் ஊர்ந்தன. காப்பி. மருந்து. பேரன். கரண்ட் பில். அவர் முகம் திரைக்குப் பக்கத்தில் போனது.

"போறாளுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாருங்க, ஒவ்வொண்ணாப் போறா!"

அந்த வேலை முடிந்ததும் சுகந்தி முன்பு வந்த ஊமைப் படங்களை நீக்கிவிட்டு ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து வைத்தாள்.

அவர் உதவிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. கட்டளை விரலில் இருந்தது.

படங்கள் வந்தன. எதைத் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டார்.

"ஏனுங்க, செருப்ப வாசல்லயே கழட்டுனா என்னங்க? கூட்டித் தொடைச்சு இன்னும் ஈரங்கூடக் காயல!"

சுகந்தி சட்டென்று குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள்.