குரல்தின்னியும் மாரிக்கனி மகளும்

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அங்கன ஒரு குரல்தின்னி கிடந்துச்சாம். உடம்பு கிடையாது, முகம் கிடையாது, குரல் மட்டும்தான். யாரு என்ன பேசினாலும் ஒரு தடவை கேட்டாப் போதும், அதே குரல்ல அப்படியே கூப்பிடும். நம்ம ஆளுதானேன்னு நம்பிப் போனா, சளக்! சேத்துக்குழிக்குள்ள. ம் கொட்டுட்டி புஷ்பம்.

"ம்."

அதுக்குப் பயந்து அந்த ஊர்க்காரங்க பிள்ளைககிட்ட வாயே திறக்க மாட்டாங்க. சோறுன்னா கையைக் காட்டுவாங்க, தூங்குன்னா கண்ணைக் காட்டுவாங்க. பேச்சே கேக்காத பிள்ளை எப்படிப் பேசும்? மூணு வயசாகியும் எல்லாம் வாயடைச்சு உக்காந்திருந்துச்சுக. மாரிக்கனின்னு ஒருத்திக்கு மட்டும் மனசு கேக்கல. மக இசக்கி காதுல, "இது காலு, இது கல்லு"ன்னு குசுகுசுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பிள்ளை திருப்பிச் சொன்னது "அம்மா" மட்டும்தான்.

அப்புறம் ஒரு மத்தியானம் மண்காத்து. உய்ய்ய்! கண்ணே தெரியல. பக்கத்துல நின்ன இசக்கியைக் காணோம்.

"அம்மா!" வடக்க. ஓடினா. சளக்! முட்டங்கால் வரைக்கும் சேறு. அப்புறம் "அம்மா!" தெக்க. ஓடினா. சளக்! இடுப்பு வரைக்கும். கையை ஊணி எப்படியோ ஏறிட்டா. அப்போ கிழக்கயும் "அம்மா!", மேக்கயும் "அம்மா!" ரெண்டும் ஒரே குரல். எந்தப் பக்கம் போவா, பாவி? இன்னொரு தடவை ஏமாந்தா தலை முங்கிரும், பிள்ளையும் போயிரும்.

"ம்..."

நின்ன இடத்துலயே நின்னு கத்தினா: "இசக்கி, என்னட்டி ஆச்சு?"

"இசக்கி, என்னட்டி ஆச்சு?" கிழக்க இருந்து, அவ குரல்லயே!

மேக்க இருந்து அழுகை. "கால்ல... கல்லு... குத்து."

அப்படிச் சேத்துச் சொல்ல அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவளாக் கோத்தது. மாரிக்கனி பாஞ்சு போய்ப் பிள்ளையைத் தூக்கிட்டா.

அப்போ முதுகுக்குப் பின்னாலயே, "கால்ல... கல்லு... குத்து."

குரல்தின்னி அதையும் கத்துக்கிச்சு! அன்னையில இருந்து அந்த ஊரு பொம்பளைக பிள்ளைககிட்ட வாய் ஓயாமப் பேசுதாங்க. கேட்டதை மட்டும்தான் அது சொல்லும். புதுசாச் சொல்லப் பிள்ளையாலதான் முடியும்.

புஷ்பம்?

"ம்."

நீதானாட்டி? "ம்" அதுக்கும் தெரியுமே. புதுசா ஏதாச்சும் சொல்லு, எனக்குப் பயமா இருக்கு.

"அத்தை... உன் நெஞ்சு டமடமங்குது, என் காது வலிக்கி."

அப்பாடி, எம்புள்ளதான். கதை வீடு வந்து சேந்துட்டு, நீயும் கண்ணை மூடு.