புதன்கிழமைப் பலகை

செத்தவன் சொல்லும் கதைக்குச் சாட்சி கிடையாது. ஆனாலும் கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்.

என் பெயர் மரியசூசை. முத்துக்கரை கால்பந்து கிளப்பின் தலைமைப் பயிற்சியாளனாகப் பதினான்கு வருடம் இருந்தேன். போன புதன்கிழமை காலைப் பயிற்சியில், கோல்கீப்பர் ஜெரோம் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். விசிலை ஊதிக்கொண்டே அவனைத் திட்ட ஓடினேன். பாதி வழியில் நெஞ்சை அடைத்தது. வாயில் விசிலோடு அவன் காலடியில் போய் விழுந்தேன். அவ்வளவுதான் என் ஆயுசு.

எங்கள் பயல்கள் பாசக்காரர்கள். மைதானத்து ஓரத்தில் நான் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என் தொப்பியை வைத்து, இனி அதில் யாரும் உட்காரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சாப்பாட்டு அறைக்குக்கூட அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் அதோடு போனேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. வேறொருவன் வந்து உட்காராமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன அன்பு பாருங்கள், ஆளையே கட்டிப்போட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லீக்கின் கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், தப்பிவிடலாம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். என் உதவியாளன் தினகரனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். தோற்காமல் இருந்தால் என் வேலை அவனுக்கு, தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்று கிளப் முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மற்ற கிளப்புகளில் திரையில் படம் காட்டி விளக்குவார்கள். எனக்குக் கரும்பலகைதான். புதன் விடியற்காலையில் அணியின் பதினோரு பெயர்களை அதில் எழுதி என் அறையில் பூட்டிவைப்பேன். ஞாயிறு காலை கதவைத் திறக்கும்போதுதான் பயல்கள் பார்ப்பார்கள். நான் செத்த பிறகு அறையைத் திறந்தவர்கள் பலகையைப் பார்த்து அழுதார்கள். நாலு நாளைக்கு முன்பே சார் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பலகையைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, அதற்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றிவைத்தார்கள். முதல் பெயர் ஜெரோம்.

உள்ளதைச் சொல்கிறேன். புதன்கிழமை எழுதியதை நான் எந்த ஞாயிறும் அப்படியே விட்டதில்லை. மேட்ச் அன்று காலைச் சாப்பாட்டில் ஒவ்வொருவன் முகத்தையும் பார்ப்பேன். பிறகு அறைக்குள் போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவேன். துணியை நனைத்துக் கொடுக்கும் தினகரனுக்கு மட்டும்தான் இது தெரியும். “எனக்குச் சந்தேகம் வரும்னு பசங்களுக்குத் தெரியவே கூடாதுடா” என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தேன்.

ஞாயிறு காலை ஜெரோம் இட்லியைத் தொடவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது, டீ டம்ளர் கீழே விழுந்து உருண்டது. இரண்டு கையையும் பைக்குள் ஒளித்துக்கொண்டு தினகரனிடம் வந்தான்.

“நான் ஆடறேன் சார். என் பேரை அவரே எழுதியிருக்காரு. இன்னிக்கு ஒரு கோல்கூட விடாம நின்னாதான் எனக்குத் தூக்கம் வரும்.”

தினகரன் துணியை நனைத்தான். கேப்டன் அருள்தாஸ் பலகைக்கு முன்னால் வந்து மறித்தான்.

“கை வைக்காதீங்க சார். அது அவரு கையெழுத்து. இப்போ போய் இவனைத் தூக்கினீங்கன்னா, அவரு செத்தது தன்னாலதான்னு ஆயுசுக்கும் நெனச்சுக்கிட்டுக் கெடப்பான்.”

அவரே ஞாயிறுதோறும் துடைத்துத்தான் எழுதுவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தினகரன் தப்பித்திருப்பான். அவன் என் நாற்காலியைப் பார்த்தான். சொல்லித் தொலைடா என்று கத்தினேன். செத்தவன் குரல் யாருக்குக் கேட்கும்? பதினோரு பெயர்களையும் துடைத்தான். பத்தை அப்படியே திரும்ப எழுதினான். முதல் இடத்தில் இரண்டாவது கீப்பர் பஷீரை எழுதினான்.

“முடிவு என்னுது. தோத்தா என்னைக் கேளுங்க” என்றான். ஒருவனும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை.

பஷீர் நன்றாகத்தான் ஆடினான். ஐந்து பந்துகளைத் தடுத்தான். ரெஃப்ரி விசில் ஊதியபோதெல்லாம் என் பக்கத்தில் இருந்த ஜெரோம் காதைப் பொத்திக்கொண்டான். அவன் தோளைத் தொடப் போனேன், என் கை அதில் நிற்காமல் ஊடுருவிப் போனது. எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு கார்னர். பந்து பஷீரின் விரல்நுனியில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம்.

அருள்தாஸ் கேப்டன் பட்டையைக் கழற்றித் தினகரன் காலடியில் எறிந்தான். “அவரு இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு.”

தினகரன் அப்போதும் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். என் எழுத்தைக் காக்க நின்றான் அருள்தாஸ். எனக்காகக் களமிறங்கத் துடித்தான் ஜெரோம். எழுத்தை அழித்து மேட்சையும் தோற்றான் தினகரன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தினகரன் செய்ததுதான் சரி. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குக்கர் சத்தத்துக்கே நடுங்கியவனை விசில் ஓயாத களத்தில் நிறுத்தியிருந்தால், அவன் விடும் ஒவ்வொரு பந்துக்கும் நான் அவன் காலடியில் மறுபடி விழுந்திருப்பேன். அருள்தாஸைக் குறை சொல்ல மாட்டேன், நான் காட்டியதைத்தான் அவன் பார்த்தான். தப்பு என்னுடையது. கலங்காதவன் என்று பெயர் வாங்கும் ஆசையில் சந்தேகத்தைப் பூட்டிவைத்தேன், அதற்குத் தினகரன் வேலை போனது. எல்லோரும் பஸ் ஏறிய பிறகு ஜெரோம் மட்டும் தினகரனிடம் வந்து, “அவரோட விசில் இன்னும் கேக்குது சார்” என்றான். “எனக்கும்தான்டா கேக்குது” என்றான் தினகரன். பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் எந்தப் பயலிடமும் சொன்னதில்லை. தினகரன் என் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் எழுந்தேன்.