முதலாளி கொடுத்த மஞ்சப்பை

மதுரை மேலமாசி வீதியில் தீபாவளிக் கூட்டம் முண்டியடிக்கிற நேரம். கொய்யாப்பழம் விற்கிற பேச்சியின் தள்ளுவண்டியைத் தூக்க மாநகராட்சி லாரியே வந்து நின்றுவிட்டது!

புகார் கொடுத்தவர் எதிர்த்த ஜவுளிக்கடை முதலாளி வைரவன். "போன மாசம் முளைச்ச வண்டி சார்! என் கடைக்கு வர்றவங்க நடக்க வழியில்லை," என்று குதித்தார்.

அதிகாரி பேச்சியைப் பார்த்தார். "பத்து வருஷமா இங்கே விக்கிறேன்னு அச்சடிச்ச ஆதாரம் காட்டு, விட்டுடறேன். இப்பவே காட்டணும்."

வைரவன் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியில் பழம் விற்கிறவளுக்கு யார் அச்சடித்துக் கொடுப்பார்கள்?

அதற்குள் நாலு பேர் வண்டியில் கை வைத்துவிட்டார்கள்.

"பொறுங்கய்யா!" பேச்சி பாய்ந்து போய், வண்டிக் கம்பியில் தொங்கிய பழைய மஞ்சப்பையை எடுத்தாள். உள்ளேயிருந்த மிளகாய்ப்பொடி டப்பாவை வெளியே வைத்தாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஓர் உதறு உதறி விரித்துப் பிடித்தாள். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்கய்யா."

அதிகாரி வாசித்தார்: "வைரவன் ஜவுளிக்கடை திறப்பு விழா. கொய்யாக்கடை பேச்சி எதிரில், மேலமாசி வீதி." கீழே தேதி இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது!

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வைரவன் மெல்லத் தன் கடைக்குள் நழுவினார்.

பேச்சி கொய்யா ஒன்றைக் கீறி, பொடி தடவி, அதிகாரியிடம் நீட்டினாள்.

"இப்பக்கூட உங்க லாரி டிரைவர் என்கிட்டதான்யா அவர் கடைக்கு வழி கேட்டாரு!"