அவர் இருக்கும்போது அணையாத கம்ப்யூட்டர்

சங்கரலிங்கம் ஐம்பத்து நான்காவது வயதில் சிஷ்யரானார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா. ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தார். அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

சங்கரலிங்கம் நூற்பாலையில் இருபத்தேழு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். மறுவாரமே ஜெசிந்தாவின் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித்தரணும் டீச்சர்."

"உக்காத்தி வச்சுச் சொல்லித்தர நேரமில்ல அண்ணாச்சி. கூட வாங்க."

ஒரு வருடம் கூடப் போனார். எந்தக் கம்ப்யூட்டரையும் பத்து நிமிடத்தில் பிரித்துப் போடவும், அதே வேகத்தில் பூட்டவும் கை பழகிவிட்டது. தனியாக ஒரு வேலை வராதா என்று காத்திருந்தார்.

வந்தது.

சுந்தரவல்லி என்று ஒரு பெண். வயது நாற்பத்தைந்து இருக்கும். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகத்தை வாய்விட்டுப் படித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறவர். மதுரையில் ஒரு விடுதியில் இருபத்திரண்டு பிள்ளைகள் அவர் குரலைக் கேட்டுத்தான் பிளஸ் டூ வரலாறு படித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குப் பதினாறு நாள் இருந்தது. ஐந்து பாடம் பாக்கி.

"படிச்சுக்கிட்டே இருப்பேன். திடீர்னு அணைஞ்சிடுது. உடனே போட்டா வரவும் மாட்டேங்குது. அரை மணி நேரம் ஆகுது," என்றார் சுந்தரவல்லி போனில். "மொபைல்ல பேசி அனுப்பிப் பாத்தேன். தெருச் சத்தமெல்லாம் சேந்து விழுது. பிள்ளைங்களுக்குப் புரியலையாம்."

"இது என் கேஸ், டீச்சர்," என்றார் சங்கரலிங்கம்.

ஜெசிந்தா தலையாட்டினார்.

முதல் தடவை போனபோது ரேமை மாற்றினார். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அணையவில்லை. அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அண்ணாச்சி, மறுபடியும் போயிடுச்சு."

இரண்டாவது தடவை சிபியுவைக் கடைக்குத் தூக்கிவந்தார். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். விசிறியில் இருந்த தூசியை ஊதித் தள்ளினார். சூடு பார்த்தார், நாற்பத்தைந்து டிகிரிதான். பகல் முழுக்க ஓடவிட்டார். ஓடியது. கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் போன்.

"அண்ணாச்சி, போயிடுச்சு."

மூன்றாவது தடவை கரண்ட் கொடுக்கும் பெட்டியையே மாற்றினார். சுந்தரவல்லியின் வீட்டிலேயே உட்கார்ந்து, மைக்கைப் போட்டு, செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து சினிமா விளம்பரம் வரை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்தார். ஒன்றரை மணி நேரம் அசையாமல் ஓடியது. சுந்தரவல்லி காபி கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

சங்கரலிங்கம் தன் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. இந்தத் தடவை சுந்தரவல்லி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். பாக்கி அதே ஐந்து பாடம்.

மறுநாள் காலை சங்கரலிங்கம் கடைக்கு வந்து கருவிப் பையை மேஜைமேல் வைத்தார்.

"மதர்போர்டு போயிடுச்சு டீச்சர். போர்டை மாத்திரணும்."

"எப்படித் தெரியும்?"

"மத்த எல்லாத்தையும் மாத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதானே."

ஜெசிந்தா ஒரு மடிக்கணினியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணாச்சி, அது அணையறதை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"நான் இருக்கும்போது அணையவே மாட்டேங்குது டீச்சர். நான் என்ன செய்ய?"

"அப்போ, நீங்க இல்லாதப்போ போய்ப் பாருங்க."

அவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"நான் இல்லாதப்போ நான் எப்படி டீச்சர் பாக்க முடியும்?"

ஜெசிந்தா கழற்றிய திருகை ஒரு கிண்ணத்தில் போட்டார். பிறகு மேஜையிலிருந்த அவருடைய பையைத் தூக்கித் தன் நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் வெறுங்கையோடு படி இறங்கினார். கோபமாக வந்தது. மகள் வயசு இருக்கிற பெண் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார். பஞ்சு மார்க்கெட் வரை அந்தக் கோபத்திலேயே நடந்தார். அங்கே நின்று ஒரு டீ குடித்தார். நான் இல்லாதபோது. நான் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது? யோசித்துப் பார்த்தால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சுந்தரவல்லி கதவைத் திறந்தார். அழுத முகம். அவரைப் பார்த்ததும் அவசரமாக அறைக்குள் போய் ஜன்னல்களைத் திறந்தார். மின்விசிறியைப் போட்டார். நாற்காலியைத் துடைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. காபி கொண்டுவரேன்."

சங்கரலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க படிக்கும்போது இந்த விசிறி ஓடுமா மேடம்?"

"ஐயோ, ஓடாது. சத்தம் விழுமே."

"ஜன்னல்?"

"சாத்தியிருக்கும்."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"மேடம், ஒரு உதவி. நான் வரவே இல்லைன்னு நினைச்சுக்கங்க. காபி வேண்டாம். நாற்காலி வேண்டாம். தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே ஒரு பாடம் படிங்க. நான் இப்படி மூலையில தரையில இருந்துக்கிறேன்."

சுந்தரவல்லி தயங்கினார். "ஆள் இருந்தா மூச்சுச் சத்தம்கூட விழும் அண்ணாச்சி."

"மெதுவா விட்டுக்கிறேன்."

அவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுந்தரவல்லி வேலையைத் தொடங்கினார்.

மின்விசிறியை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கதவின் கீழ் இடுக்கில் பழைய துண்டு ஒன்றைத் திணித்தார். கம்ப்யூட்டரைப் போட்டார்.

அப்புறம் பீரோவைத் திறந்தார். தடிமனான ஒரு போர்வையை எடுத்தார். இரண்டாக மடித்து மேஜைக்கடியில் இருந்த சிபியுவின் மேல் போர்த்தினார். முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, கைக்குழந்தைக்குச் செருகுவதுபோல நாலு பக்கமும் உள்ளே செருகினார்.

சங்கரலிங்கத்துக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அணைவதைத் தன் கண்ணால் பார்க்காமல் இந்தத் தடவை எதையும் சொல்லப்போவதில்லை.

சுந்தரவல்லி படிக்க ஆரம்பித்தார்.

வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்துபோனவர்களின் பாடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சங்கரலிங்கத்துக்கு அந்தக் கதை புதிது. நடந்து வருகிறவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று வெள்ளைக்கார அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். சுந்தரவல்லியின் குரல் அந்த மரங்களுக்கு நடுவில் அவரையும் கூட்டிக்கொண்டு நடந்தது. அறை புழுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியது. தான் எதற்கு வந்தோம் என்பதையே அவர் மறந்துபோனார்.

பதினேழாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

"போச்சு!" என்று சங்கரலிங்கம் துள்ளி எழுந்தார். "போச்சு மேடம், போச்சு! நான் இருக்கும்போதே போச்சு!"

இரண்டு கையையும் தட்டினார். சுந்தரவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் இங்கே தலையில அடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க கைதட்டுறீங்க?"

சங்கரலிங்கம் முழங்கால் போட்டுக் குனிந்து போர்வையை உருவினார். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

"இங்கே கையை வைங்க மேடம்."

சுந்தரவல்லி சிபியுவின் மேல் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இந்தப் போர்வை எத்தனை நாளா?"

"ஆறு வாரம் இருக்கும். பின்னாடி ஏதோ உறுமுதுக்கா, குரல் சரியா கேக்கலைன்னு பிள்ளைங்க சொன்னாங்க. அதான்."

"அணைய ஆரம்பிச்சது?"

சுந்தரவல்லி கொஞ்சம் யோசித்தார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், மூணு தடவை வந்தேனே. இதை ஏன் சொல்லல?"

"நீங்க கம்ப்யூட்டரைப் பத்தித்தானே கேட்டீங்க? இது போர்வை." பிறகு மெல்லச் சொன்னார். "ஆள் வர்ற நேரத்துல வீட்டை ஒதுங்க வைப்பேன்ல. எடுத்து மடிச்சு பீரோவுல வச்சிடுவேன்."

சங்கரலிங்கம் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சுந்தரவல்லியும் சிரித்தார்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. போர்வையை எடுத்தால் சிபியுவின் உறுமல் கேட்கும். போட்டால் அணைந்துபோகும்.

ஆலையில் இருபத்தேழு வருடம் சுவரைத் துளைத்து வயர் இழுத்த கை அது. மத்தியானத்துக்குள் பழைய நண்பர் ஒருவரிடம் துளை போடும் மெஷின் இரவல் வாங்கிவந்தார். அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த சுவரில் கைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டார். நீள நீளமாக வயர் இழுத்தார். சிபியுவை அடுக்களை மேடையில், ஜன்னல் காற்று படும் இடத்தில் உட்கார வைத்தார். இனி அது எவ்வளவு வேண்டுமானாலும் உறுமிக்கொள்ளலாம். அறைக்குள் திரையும் மைக்கும் சுந்தரவல்லியும் மட்டும்.

நான்கு மணிக்கு அந்த உப்புப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சங்கரலிங்கம் அடுக்களையில் நின்று பெட்டியின் மேல் கையை வைத்தபடி இருந்தார். பதினேழு நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. சுவர் ஓட்டை வழியாகக் குரல் மெலிதாக வந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிடம். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கியோடு வந்தார். சங்கரலிங்கம் செருப்பில்லாமல் வெளியே ஓடி, இரண்டு கையையும் கூப்பி அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப ஓடிவந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சுந்தரவல்லிக்கு வியர்த்து வழிந்தது.

"முடிச்சிட்டேன்," என்றார். "ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

அடுத்த நான்கு நாளில் மீதி நான்கு பாடமும் முடிந்தன. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. பரீட்சைக்கு நான்கு நாள் முன்னாலேயே கடைசிப் பாடம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை சுந்தரவல்லியின் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அவர் அதைச் சங்கரலிங்கத்துக்கு அனுப்பினார். சங்கரலிங்கம் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கடைக்கு வந்தார்.

"டீச்சர், இதைக் கேளுங்க."

போனை மேஜைமேல் வைத்தார். முதலில் ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. "அக்கா, எல்லாம் வந்துருச்சு. உறுமலே இல்ல. நீங்க பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு." அதற்குப் பின்னால் இருபது பேர் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள். விசில் சத்தம். யாரோ மேஜையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

ஜெசிந்தா கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு தடவை போடுங்க," என்றார். இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார்கள்.

பிறகு சங்கரலிங்கம் போர்வையைப் பற்றிச் சொன்னார். அனலைப் பற்றிச் சொன்னார். தான் கைதட்டியதை நடித்தே காட்டினார். ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சங்கரலிங்கம் இத்தனை நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாது."

"போர்வைன்னு தெரியாம இருக்கலாம். சூடுன்னாவது?"

"அதுவும் தெரியாது."

"பின்னே அவ்வளவு உறுதியா என்னை அனுப்புனீங்களே?"

ஜெசிந்தா நாற்காலிக்குக் கீழே இருந்த பையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"தெரியும்னு நினைச்சிருந்தா, அண்ணாச்சி, நானே போய் போர்டை மாத்திட்டு வந்திருப்பேன்."