பெர்னுக்கு மூன்று டிக்கெட்

துறையூர் மாசிலாமணி வீட்டில் யாரும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அக்கா மகன் இளவழகனுக்கு சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்தில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் தாலி செய்து கொண்டுவரும் பொறுப்பு மாசிலாமணிக்கு வந்தது. வாழ்நாளில் இவ்வளவு பெரிய வேலையை அவரை நம்பி யாரும் கொடுத்ததில்லை. மனைவி செங்கமலத்தின் கைப்பையில் தாலியை வைத்து, தம்பி கோதண்டத்தையும் கூட்டிக்கொண்டு, முதல் நாளே சூரிக்கில் வந்து இறங்கிவிட்டார். முகூர்த்தம் மறுநாள் பகல் பதினொன்றரைக்கு. அங்கிருந்து பெர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்.

இளவழகன் போனில் சொல்லியிருந்தான்: "முன்னாடியே எடுத்தா டிக்கெட் சல்லிசு, மாமா. ஆனா குறிப்பிட்ட அந்த ஒரு ரயில்லதான் ஏறணும். விட்டா போச்சு. அதனால நீங்க கிளம்புற அன்னைக்கே எடுங்க. எந்த ரயில்ல வேணா வரலாம்."

மாமனை நன்றாகத் தெரிந்த பையன்.

காலை எட்டு மணிக்கு மூவரும் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். கோதண்டத்துக்கு இங்கிலீஷ் வரும். திரையில் உள்ளதைப் படித்து அவர் தமிழில் சொல்ல, மூவரும் கூடிப் பேசி முடிவெடுப்பது என்று ஏற்பாடு.

"எங்கேருந்து வர்றீங்கன்னு கேக்குதுண்ணே."

"துறையூர்னு போடு. ஆரம்பத்திலேயே பொய் சொல்லக் கூடாது."

அப்படி ஒரு ரயில் நிலையமே இல்லை என்றது இயந்திரம். மாசிலாமணி அசந்துபோனார்.

"நம்ம ஊர்ல ரயில் இல்லைங்கிறது இவ்வளவு தூரத்துல இருக்கிற இதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு! இதான்டா ஐரோப்பா."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் பொறுமை இழந்து, எட்டி 'சூரிக்' என்பதை அமுக்கினார்.

"ஒரு வழியா, ரெண்டு வழியாங்குது."

"ஒருவழியா வந்து சேர்ந்துட்டோம்னு சொல்லுங்க" என்றாள் செங்கமலம். "பாவம், விசாரிக்குது."

கோதண்டம் 'ஒரு வழி'யை அமுக்கினார்.

"ஒன்னாம் வகுப்பா, ரெண்டாம் வகுப்பா?"

இது கௌரவப் பிரச்சினை. மாசிலாமணி எட்டாம் வகுப்பு. கோதண்டம் பி.காம். செங்கமலம் பத்தாவதில் கணக்கில் மட்டும் போனவள். இயந்திரத்துக்கோ இரண்டுக்கு மேல் தெரியவில்லை.

"இருக்கிறதுல பெரிய படிப்பு ரெண்டாவது. அதையே அமுக்கு" என்றார் மாசிலாமணி.

"பெரியவங்க எத்தனை, சின்னவங்க எத்தனைன்னு கேக்குதுண்ணே."

"இதுல என்னடா யோசனை? நான் பெரியவன், உங்க அண்ணி பெரியவ. நீ சின்னவன்."

ஐம்பத்து நான்கு வயது கோதண்டத்துக்குக் குழந்தை டிக்கெட் வந்து விழுந்தது.

டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கோதண்டம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: "இந்த டிக்கெட் இன்று மட்டும் செல்லும்."

"எது செல்லும்?"

"டிக்கெட்டு."

"அப்ப நாம?"

கோதண்டம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நம்மளப் பத்தி ஒன்னும் எழுதலைண்ணே."

டிக்கெட் போய் நாம் போகாவிட்டால் தாலி என்னாவது? ஆனாலும் எழுதியிருப்பதை மீற மாசிலாமணிக்கு மனம் வரவில்லை. நின்றிருந்த ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக மூன்று டிக்கெட்டையும் வரிசையாக வைத்துவிட்டு இறங்கினார். ரயில் கிளம்பியது. செங்கமலம் கையசைத்தாள்.

ஒன்பதரைக்கு இளவழகன் போன் செய்தான். "எங்க மாமா வந்துட்டிருக்கீங்க?"

"நாங்க சூரிக்லதான் இருக்கோம், மாப்பிள்ளை. டிக்கெட்டு இந்நேரம் அங்க வந்திருக்கும்."

மறுமுனையில் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது.

"மாமா" என்றான் அழுகிற குரலில். "மறுபடி மூணு டிக்கெட் எடுங்க. கையில வச்சுக்குங்க. நீங்களும் ஏறுங்க. பெர்ன் வந்ததும் வண்டில இருக்கிற ஒரு பொருளைக்கூட விடாம எல்லாத்தையும் இறக்கிடுங்க. நான் பிளாட்பாரத்துக்கு வந்துடறேன்."

பத்து மணி ரயிலில் அவர்களும் ஏறினார்கள், டிக்கெட்டும் ஏறியது. பரிசோதகர் இந்த முறையும் எடுத்திருந்த குழந்தை டிக்கெட்டைப் பார்த்தார், கோதண்டத்தின் மீசையைப் பார்த்தார், மிச்சக் காசை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

பெர்ன் வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே மாசிலாமணி எழுந்துவிட்டார். இந்த முறை ஒரு பிசகும் கூடாது. பெட்டி, மூட்டை, பனிச்சறுக்குக் கட்டை, குழந்தை வண்டி, யாரோ ஒருவரின் செல்லோ வாத்தியம் என்று எல்லாம் வாசலுக்குப் போயின. கோதண்டம் நீலக் கோட்டு போட்டிருந்ததால், பயணிகள் ரயில்வே ஆள் என்று நினைத்து நன்றி சொன்னார்கள்.

குட்டைக்கால் நாய் ஒன்று இருந்தது.

"இது சாமானாண்ணே?"

மாசிலாமணி யோசித்தார். "கயிறு கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு."

"அப்ப சாமான்தான். இறக்கு."

பட்டு வேட்டியோடு பிளாட்பாரத்தில் ஓடிவந்த இளவழகன் கண்டது ஒரு மலையை. அதைச் சுற்றி, சாமானைத் துரத்திக்கொண்டு இறங்கிய நாற்பது பேர், ஆளுக்கொரு மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். ரயில் போய்விட்டது.

"தாலி எங்க மாமா?"

"பத்திரமா இருக்கு மாப்பிள்ளை. முதல்ல அதைத்தான் இறக்கினோம். எல்லாத்துக்கும் அடியில இருக்கு."

விஷயம் கேட்டதும் கத்தியவர்கள் குனிந்தார்கள். ஆளுக்கொன்றாகத் தம் பெட்டியை எடுக்க எடுக்க மலை கரைந்தது. கைப்பை வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. இளவழகன் அதைப் பறித்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு ஓட, மாமாவும் அத்தையும் பின்னால் ஓட, அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் நாற்பது பேரும் கூடவே வந்தார்கள். கோதண்டம் மட்டும் மூச்சிரைக்கக் கடைசியில் வந்தார்.

பதினொன்றரைக்குத் தாலி ஏறியது. மாசிலாமணியின் கண் கலங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு வாட்டம். மணமேடையில் ஏறி மருமகனின் காதருகே குனிந்தார்.

"மாப்பிள்ளை, மறைக்க மனசு வரலை. நீ எல்லாத்தையும் இறக்கச் சொன்னே. ஆனா உட்கார்ற சீட்டெல்லாம் போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கான். எவ்வளவோ ஆட்டிப் பார்த்தோம், ஒன்னே ஒன்னுதான் கழண்டுது."

"அதை எங்க மாமா வச்சீங்க?"

"மண்டப வாசல்ல, செருப்புக்குப் பக்கத்துல. சத்தம் போடாதே, அதுல ஒரு அம்மா தூங்கறாங்க. எழுப்ப மனசில்லாம அப்படியே தூக்கிட்டு வந்துட்டான் கோதண்டம்."